செல் வளர்ப்பில் ஒளிச் சிகிச்சையைச் சோதிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஒளியால் செயல்படும் புற்றுநோய் மருந்துகளை லேபில் முதல்முறையாகச் சோதிக்கிறவர்களின் நோட்டைப் புரட்டினால், மருந்தின் அளவு மைக்ரோமோலார் கணக்கில் துல்லியமாக இருக்கும். செல் எண்ணிக்கை இருக்கும், இன்குபேட்டரில் வைத்த நேரம் இருக்கும். ஒளியைப் பற்றி மட்டும் "சிவப்பு எல்இடி, 10 நிமிடம்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரியால் முழுச் சோதனையும் வீணாகப் போகிறது. இந்தச் சிகிச்சையில் ஒளியும் ஒரு மருந்துதான். அதற்கும் அளவு உண்டு, கொடுக்கும் வேகம் உண்டு, எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியும் உண்டு. கீழே எழுதியிருப்பதெல்லாம் ஒளியையும் மருந்துக்குச் சமமாக மதித்து ஒரு சோதனையை எப்படி அமைப்பது என்பதுதான். செல் வளர்ப்பின் அடிப்படைகள், அதாவது மீடியம் மாற்றுவது, பாசேஜ் செய்வது எல்லாம் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

போட்டோசென்சிடைசர் எனப்படும் ஒளியுணர் மருந்து செல்லுக்குள் போய்ச் சேருகிறது. இருட்டில் அது பெரிதாக எதுவும் செய்யாது. அது உறிஞ்சக்கூடிய நிறத்தில் ஒளி பட்டால், கிடைத்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜனுக்குக் கைமாற்றுகிறது. அப்படிப் பிறக்கும் சிங்லெட் ஆக்ஸிஜன் சில மைக்ரோ வினாடிகள்தான் தாக்குப்பிடிக்கும், ஒரு செல்லின் அகலத்தில் சிறு பகுதியைக்கூடத் தாண்டாது, அதற்குள் எதிர்ப்பட்ட கொழுப்பையும் புரதத்தையும் சிதைத்துவிடும். மருந்து, ஒளி, ஆக்ஸிஜன் இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் செல் பிழைத்துக்கொள்ளும். 1900 வாக்கில் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் விட்ட பரமீசியங்கள் வெளிச்சம் பட்டால் மட்டும் வேகமாகச் சாவதைக் கவனித்தார். இந்தத் துறையின் தொடக்கம் அதுதான்.

மருந்து உறிஞ்சிய ஆற்றலில் ஒரு பகுதி ஆக்ஸிஜனுக்குப் போகாமல் ஒளிர்வாக வெளியே திரும்பி வரும். அந்த ஒளிர்வைப் பார்த்துப் புற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கண்டறிதல் பக்கம். ஆக ஒரே மூலக்கூறு, ஒரே ஒளி, இரண்டு வேலை. பின்னால் இது ஒரு பெரிய சிக்கலாகவும் வந்து நிற்கும்.

எந்த வளர்ப்பில் சோதிப்பது

தட்டின் அடியில் ஒரே அடுக்காக ஒட்டி வளரும் செல்கள்தான் எல்லோரும் தொடங்கும் இடம். மலிவு, வேகம், எண்ணுவதும் சுலபம். ஆனால் அங்கே ஒவ்வொரு செல்லுக்கும் மருந்தும் ஒளியும் முழுதாகக் கிடைக்கின்றன. இன்குபேட்டரில் காற்றோடு சேர்ந்த ஆக்ஸிஜன் 18 சதவீதத்துக்கு மேல் இருக்கும். உடம்பின் சாதாரணத் திசுக்களில் பெரும்பாலும் 3 முதல் 7 சதவீதம், கட்டிகளுக்குள் அதைவிடவும் குறைவு. அதனால் ஒற்றை அடுக்கில் ஒரு மருந்து அபாரமாக வேலை செய்தது என்று கிடைக்கும் முடிவை நான் பாதிதான் நம்புவேன். எந்த ஒளி அளவு, எந்த மருந்து அளவு என்று வரம்பைப் பிடிப்பதற்கு அது போதும், அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்.

அடுத்த படி ஸ்பீராய்டு, அதாவது செல் உருண்டை. ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்தாகச் சேர்ந்தது. ஆக்ஸிஜன் திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரைதான் ஊடுருவும் என்பதால், உருண்டை சுமார் 500 மைக்ரோமீட்டர் விட்டத்தைத் தாண்டும்போது நடுவில் செத்த பகுதி உருவாகிவிடும். வெளியே பெருகும் செல்கள், உள்ளே உறங்கும் செல்கள், மையத்தில் பிணங்கள் என்று கட்டியின் அமைப்பே சின்ன அளவில் கிடைக்கிறது. இந்தச் சிகிச்சைக்கு ஆக்ஸிஜன் உயிர்நாடி என்பதால், மற்ற எந்தச் சிகிச்சையைவிடவும் இங்கே உருண்டைக்கு மதிப்பு அதிகம்.

அதற்கும் மேலே, கொலாஜன் ஜெல்லில் நார்ச்செல்களைப் பதித்து மேலே புற்று செல்களைப் பரப்பி, காற்றும் திரவமும் சந்திக்கும் பரப்பில் வளர்க்கும் திசு மாதிரிகள் இருக்கின்றன. தோல், வாய்ப் புற்றுகளுக்கு நல்ல பொருத்தம். கடைசியாக, அறுவையில் எடுத்த உண்மையான கட்டியின் மெல்லிய துண்டுகள். புதியவர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டாம்.

செல் லைன் எதுவானாலும் இரண்டு சோதனை கட்டாயம்: எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ ஒப்பீட்டு முறையில் அடையாளம் சரிபார்ப்பது, வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இல்லை என்று உறுதி செய்வது. பக்கத்து லேபில் இருந்து கைமாறி வந்த குழாய் என்றால் இரண்டையும் முடிக்காமல் இன்குபேட்டருக்குள்ளேயே விடாதீர்கள்.

உருண்டை செய்வது

அடி வளைந்த, செல் ஒட்டாத பூச்சுள்ள 96 வெல் பிளேட் கிடைத்தால் வேலை எளிது. ஒரு வெல்லுக்கு 1000 முதல் 5000 செல்கள் போட்டு, 200 முதல் 300 ஜி விசையில் 5 நிமிடம் சுற்றி எல்லாவற்றையும் அடியில் சேர்த்துவிட்டு, 3, 4 நாள் அசைக்காமல் வைத்தால் பல செல் லைன்களில் 300 முதல் 500 மைக்ரோமீட்டர் உருண்டை வந்துவிடும். அந்த பிளேட்டுக்குப் பணம் இல்லையென்றால், சாதாரணப் பிளேட்டில் வெல்லுக்கு 50 மைக்ரோலிட்டர் வீதம் 1 முதல் 1.5 சதவீத அகரோஸ் உருக்கி ஊற்றி ஆறவிட்டால் அதே வேலை நடக்கும். ஒளி கீழேயிருந்து வருகிற அமைப்பு உங்களுடையது என்றால் மட்டும், அகரோஸ் ஒளியைக் கொஞ்சம் சிதறடிக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

எல்லா செல் லைனும் உருண்டையாகக் கட்டாது. சில தளர்ந்த கொத்தாக நிற்கும். பைப்பெட் பட்டவுடன் உதிரும். அப்படிப்பட்டதை வைத்து ஆக்ஸிஜன் பற்றிய கேள்வி எதையும் கேட்க முடியாது, வேறு லைனுக்குப் போவதுதான் நல்லது. சோதனைக்கு முந்தைய நாள் எல்லா உருண்டைகளையும் படமெடுத்து விட்டத்தை அளந்து, சராசரியில் இருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஓரத்து வெல்களில் மீடியம் ஆவியாகும் என்பதால் அங்கே வெறும் பஃபர் ஊற்றி வைப்பது நல்ல பழக்கம்.

மருந்து: ஏஎல்ஏவை வைத்துத் தொடங்குங்கள்

தொடங்குபவருக்கு நான் சொல்வது 5-அமினோலெவுலினிக் அமிலம், சுருக்கமாக ஏஎல்ஏ. இது நேரடி மருந்து அல்ல, மூலப்பொருள். செல், இரும்புள்ள சிவப்பு மூலக்கூறான ஹீமைத் தயாரிக்கும் பாதையில் இதைப் புரோட்டோபோர்பிரினாக மாற்றுகிறது. கடைசிப் படியில் ஃபெரோகெலடேஸ் என்ற நொதி அதில் இரும்பைச் செருகி ஹீமாக்க வேண்டும். பல புற்று செல்களில் அந்தக் கடைசிப் படி மந்தமாக இருப்பதால் புரோட்டோபோர்பிரின் தேங்கி நிற்கிறது, அதுதான் ஒளியை உறிஞ்சும் பொருள். மருத்துவமனைகளில் உண்மையாகவே பயன்படும் மருந்து என்பதும் இதைப் பரிந்துரைக்க ஒரு காரணம்: மூளைக் கட்டி அறுவையில் கட்டியைக் கண்ணுக்குக் காட்ட இதை அமெரிக்காவின் எஃப்டிஏ 2017இல் அனுமதித்தது. சிகிச்சை, கண்டறிதல் இரண்டையும் இது ஒன்றை வைத்தே கற்றுக்கொள்ளலாம்.

செய்முறை இப்படி. ஏஎல்ஏ ஹைட்ரோகுளோரைடின் மூலக்கூறு எடை 167.6. எனவே 16.8 மில்லிகிராமை 1 மில்லிலிட்டரில் கரைத்தால் 100 மில்லிமோலார். அதை 100 மடங்கு நீர்த்தால் 1 மில்லிமோலார், இதுதான் பலரும் தொடங்கும் அளவு. கவனிக்க வேண்டியது அமிலத்தன்மை. இந்த உப்பு மீடியத்தின் பிஎச்சைக் கீழே இழுத்துவிடும், சரிசெய்யாமல் ஊற்றினால் செல்கள் அமிலத்தால் சாகும். நீங்கள் மருந்தின் இருட்டு நச்சு என்று எழுதி வைப்பீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 7.2 முதல் 7.4 வரை கொண்டுவாருங்கள், கொண்டுவந்த பிறகு உடனே பயன்படுத்துங்கள், ஏனென்றால் நடுநிலைக்கு வந்த ஏஎல்ஏ ஒன்றோடொன்று இணைந்து கெட்டுப்போகும். நேற்று கரைத்ததை இன்று எடுக்கக் கூடாது.

அப்புறம் சீரம். சீரத்தில் உள்ள ஆல்புமின் புரோட்டோபோர்பிரினைப் பிடித்து செல்லை விட்டு வெளியே இழுக்கும். அதனால் ஏஎல்ஏவோடு வைக்கும் 3, 4 மணி நேரமும் சீரம் இல்லாத மீடியத்தில் வையுங்கள். உருண்டைக்கு இதைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம், ஒன்றிரண்டு உருண்டைகளை உறையவைத்துச் சீவி ஒளிர்வு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மருந்து மையம் வரை போனதா, விளிம்போடு நின்றதா என்று நேராகத் தெரிந்துவிடும். இந்த ஒரு பார்வையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு உள்ளே பிழைத்த செல்களைக் காட்டி "ஆக்ஸிஜன் போதவில்லை" என்று விளக்கம் எழுதுகிறார்கள். உண்மையில் அங்கே மருந்தே போயிருக்காது.

இருட்டில் வேலை

மருந்து சேர்த்த நிமிடத்தில் இருந்து ஒளி கொடுக்கும் வரை, கொடுத்த பிறகு அளவீடு முடியும் வரை, பிளேட் அலுமினியத் தாளுக்குள் இருக்க வேண்டும். லேமினார் ஹுட்டின் விளக்கை அணையுங்கள். போட்டோ கழுவும் அறையின் சிவப்பு விளக்கு இங்கே பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள், புரோட்டோபோர்பிரினைத் தூண்டும் பட்டைகளில் ஒன்று 630 நானோமீட்டர் பக்கத்தில், அந்தச் சிவப்பிலேயே இருக்கிறது. பச்சையிலும் மஞ்சளிலும்கூட அதற்குச் சிறு பட்டைகள் உண்டு. அதனால் நிறத்தைத் தேடாமல் வெளிச்சத்தின் அளவையே குறைப்பதுதான் வழி: தூரத்தில் ஒரு மங்கலான விளக்கு, வேகமான கை.

உங்கள் தோலுக்கும் இதே விதி. 1912இல் ஃபிரெட்ரிக் மையர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 200 மில்லிகிராம் ஹிமாட்டோபோர்பிரினைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு வெயிலில் பட்ட இடமெல்லாம் கடுமையாக வீங்கி, வாரக்கணக்கில் அவதிப்பட்டார். கையுறை, நீள்கைக் கோட், நீங்கள் பயன்படுத்தும் அலைநீளத்துக்கே உரிய கண்ணாடி, மூன்றும் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஒளியை அளப்பது

இந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், செல் எதுவும் இல்லாமல், வெறும் விளக்கும் மீட்டரும் வைத்து.

தேவையான இரண்டு எண்கள்: ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒவ்வொரு வினாடியும் விழும் ஒளியின் திறன், அதாவது மில்லிவாட் கணக்கு, மொத்தமாக விழுந்த ஆற்றல், அதாவது ஜூல் கணக்கு. முதலாவதை நேரத்தால் பெருக்கினால் இரண்டாவது. சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிவாட் என்றால் 500 வினாடியில் 10 ஜூல். தோல் சிகிச்சையில் ஏஎல்ஏவோடு பயன்படும் ஒரு நீல ஒளிக் கருவி 10 மில்லிவாட் வீதம் 1000 வினாடியில் அதே 10 ஜூலைத் தருகிறது. சிவப்பு எல்இடி விளக்குகளில் 37 ஜூல் என்ற அளவு வழக்கத்தில் உண்டு. உங்கள் எண்கள் இந்த வட்டாரத்தில் இருந்தால் நிதானமான இடத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள்.

பவர் மீட்டரின் சென்சாரை செல்கள் இருக்கப்போகும் அதே உயரத்தில் வையுங்கள், மேசை மேல் அல்ல. மீட்டரில் அலைநீளத்தை உங்கள் விளக்குக்கு ஏற்ப மாற்றுங்கள், அது பழைய அமைப்பிலேயே கிடந்தால் எண் தவறாக வரும். சென்சாரின் துளை 1 சென்டிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு 0.785 சதுர சென்டிமீட்டர், மீட்டர் 15.7 மில்லிவாட் காட்டினால் அதை 0.785ஆல் வகுத்து, சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிவாட் என்று எழுத வேண்டும். மீட்டர் காட்டிய எண்ணையே அப்படியே எழுதிவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

ஒரு இடத்தில் அளந்தால் போதாது. பிளேட்டின் பரப்பு முழுக்க, ஓரம், மூலை, நடு என்று சென்சாரை நகர்த்தி ஒரு வரைபடம் போடுங்கள். எல்இடி அடுக்குகளில் மூலை வெளிச்சம் நடுவைவிட வெகுவாகக் குறைந்திருப்பது சகஜம். 10 சதவீதத்துக்குள் சீராக இருக்கும் பகுதியை மார்க்கரால் கோடு போட்டு, அந்தப் பகுதிக்குள் வரும் வெல்களை மட்டும் பயன்படுத்துங்கள். விளக்கைப் போட்டு 10, 15 நிமிடம் சூடேறி நிலைப்பட்ட பிறகே அளக்கவும் பயன்படுத்தவும் வேண்டும், எல்இடி சூடாகச் சூடாக வெளிச்சம் இறங்கும்.

பிளேட்டின் மூடி வழியாக ஒளி போகிறதென்றால் பிளாஸ்டிக்கின் இரண்டு பக்கமும் சேர்ந்து 10 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மூடியின் உட்புறம் நீர் பனித்திருந்தால் இன்னும் மோசம். மூடியோடுதான் செய்யப்போகிறீர்கள் என்றால் மூடியை இடையில் வைத்தே அளந்துகொள்ளுங்கள். மீடியத்தின் சிவப்புச் சாயமான பீனால் ரெட் நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சும், சிவப்பை அதிகம் தொடாது. அதனால் 405 நானோமீட்டரில் வேலை செய்பவர் சாயமில்லாத மீடியத்துக்கு மாறியே ஆக வேண்டும், 635இல் செய்பவருக்கு அவசரம் இல்லை. இருந்தாலும் ஒளிர்வு அளப்பதற்கு எப்படியும் மாற வேண்டிவரும். சின்ன வெல்களில் திரவத்தின் மேற்பரப்பு குழிந்து லென்ஸ் மாதிரி ஒளியை வளைக்கும் என்பதால் எல்லா வெல்லிலும் ஒரே அளவு திரவம் இருக்கட்டும்.

வெப்பம் இன்னொன்று. ஒளி படும்போது ஒரு வெல்லில் மெல்லிய தெர்மோகப்பிளை நனைத்து வைத்துப் பாருங்கள். வெப்பம் 41, 42 டிகிரியை நெருங்கினால் செல் ஒளியால் செத்ததா சூட்டால் செத்ததா என்று பிரிக்கவே முடியாது. திறனைக் குறையுங்கள், அல்லது சின்ன மின்விசிறி வையுங்கள். பிளேட் தேர்வில், பக்கச் சுவர் கருப்பாக, அடி தெளிவாக இருப்பதை எடுங்கள். தெளிவான சுவர் வழியாக ஒளி அடுத்த வெல்லுக்குக் கசியும்.

ஒரே அளவு, வேறு வேகம்

புதியவர்கள் நேரத்தை மிச்சப்படுத்த விளக்கைக் கூட்டுகிறார்கள். 20 மில்லிவாட்டில் 500 வினாடி உட்காருவதற்குப் பதில் 200 மில்லிவாட்டில் 50 வினாடி, மொத்தம் அதே 10 ஜூல்தானே என்று கணக்கு. ஒற்றை அடுக்கில் பல சமயம் பெரிய வித்தியாசம் தெரியாது, உருண்டையில் தெரியும். ஒளி எவ்வளவு வேகமாக விழுகிறதோ அவ்வளவு வேகமாக மருந்து ஆக்ஸிஜனைத் தின்கிறது. வெளியே இருந்து உள்ளே ஊறி வரும் ஆக்ஸிஜனால் ஈடுகொடுக்க முடியாமல் உள்பகுதி வறண்டு, மீதி ஒளி வீணாக விழுகிறது. தாமஸ் ஃபாஸ்டரின் குழு 1990களில் எலியின் மார்புப் புற்று செல் உருண்டைகளை வைத்து இதைத் தெளிவாகக் காட்டியது: மொத்த ஆற்றல் ஒன்றாக இருந்தும், மெதுவாகக் கொடுத்த ஒளி அதிக செல்களைக் கொன்றது. அதனால் முடிவை எழுதும்போது ஜூலை மட்டும் எழுதி மில்லிவாட்டை விட்டுவிட்டால் அந்தச் சோதனையை வேறொருவரால் திரும்பச் செய்யவே முடியாது.

கன்ட்ரோல்கள்

நான்கு குழு இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்: எதுவும் இல்லாதது, ஒளி மட்டும், மருந்து மட்டும், இரண்டும் சேர்ந்தது. இருட்டுக் குழுவைத் தனி பிளேட்டில் வையுங்கள், அதையும் இன்குபேட்டருக்கு வெளியே அதே நேரம் தாளுக்குள் சுற்றி மேசையில் வையுங்கள். ஒளி பட்ட பிளேட் 15 நிமிடம் குளிர்ந்து கிடக்க, இருட்டு பிளேட் 37 டிகிரியில் சுகமாக இருந்தால் அது ஒப்பீடே அல்ல. எல்லா செல்லையும் கொல்லும் ஒரு குழுவும் வைத்தால், உங்கள் அளவீட்டு முறையின் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

செத்ததா, பிழைத்ததா

ஒளி கொடுத்த உடனே அளந்தால் பாதி சாவு கணக்கில் வராது. பல செல்கள் மணிக்கணக்கில் தவணை முறையில் சாகும். 24 மணி நேரம் காத்திருங்கள். ஒற்றை அடுக்குக்கு எம்டிடி போதும், அதாவது உயிருள்ள செல் நிறம் மாற்றும் ஒரு சாயச் சோதனை. ஆனால் அது உயிரை அளப்பதில்லை, வளர்சிதைமாற்றத்தைத்தான் அளக்கிறது, அடிபட்டு மந்தமாகிப் பிறகு எழுந்து பெருகும் செல்லையும் செத்ததாகக் காட்டிவிடும். உறுதியான பதில் வேண்டுமென்றால் காலனி முறை: செல்களைப் பிரித்துக் குறைந்த எண்ணிக்கையில் விதைத்து, 10 முதல் 14 நாள் விட்டு, 50 செல்லுக்கு மேல் உள்ள காலனிகளை எண்ணுவது. பொறுமை வேண்டும், பதில் நம்பலாம்.

உருண்டைக்கு எம்டிடியை நான் பரிந்துரைக்க மாட்டேன், சாயம் உள்ளே சரியாகப் போகாது. செல்லை உடைத்து, அதன் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை அளக்கும் கிட் நல்லது. கூடவே ஒரு வாரம் தினமும் படமெடுங்கள். இங்கே ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும்: சிகிச்சைக்கு மறுநாள் உருண்டையின் வெளி அடுக்கு உதிர்ந்து, சுற்றிலும் மங்கலான, மணல்மணலான வளையமாகப் பரவி நிற்கும். குறைந்த பெரிதாக்கத்தில் பார்த்தால் உருண்டை பெருத்துவிட்ட மாதிரி இருக்கும், தானியங்கி மென்பொருள் அந்த வளையத்தையும் சேர்த்து விட்டம் அளந்து "வளர்ந்தது" என்று சொல்லும். பைப்பெட்டால் மெதுவாக இருமுறை மீடியத்தை மாற்றினால் உதிரி போய், நடுவில் இருண்டு சுருங்கிய உண்மையான உருண்டை தெரியும். அதை அளங்கள்.

உயிர்-சாவுச் சாயம் தேர்ந்தெடுக்கும்போதும் நிதானம் தேவை. செத்த செல்லைக் காட்டும் புரொப்பிடியம் அயோடைடு 617 நானோமீட்டர் பக்கம் ஒளிரும், புரோட்டோபோர்பிரின் 635இல் ஒளிரும். இரண்டும் ஒரே ஃபில்டரில் விழும். பச்சையில் ஒளிரும் சாவுச் சாயத்துக்கு மாறுங்கள். அதோடு ஏஎல்ஏ மட்டும் கொடுத்து சாயம் போடாத ஒரு வெல்லையும் வையுங்கள்.

கண்டறிதல் பக்கம்

புரோட்டோபோர்பிரினை 405 நானோமீட்டரில் தூண்டினால் 635இல் பெரிய உச்சியும் 705 பக்கம் சிறிய மேடும் வரும். ஒரே ஃபில்டரில் வெளிச்சத்தை அளந்து திருப்திப்படாமல், முடிந்தால் 600 முதல் 750 வரை முழு நிறமாலையை எடுங்கள். செல்லுக்கே உரிய ஒளிர்வு, பிளேட் பிளாஸ்டிக்கின் ஒளிர்வு, சீரத்தின் ஒளிர்வு எல்லாம் நீல ஒளியில் எழும்; அவை பரந்து சரியும், உச்சி கட்டாது. இரட்டை மேடு தெரிந்தால்தான் அது உங்கள் மருந்து. 670 பக்கம் புதிதாக ஒன்று முளைத்தால், ஒளி பட்டு மருந்து சிதைந்து வேறு பொருளாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிதைவின் வேகத்தை வைத்தே எவ்வளவு சிகிச்சை நடந்தது என்று கணிக்கிறவர்களும் உண்டு.

முன்னால் சொன்ன சிக்கல் இங்கேதான் வருகிறது. மைக்ராஸ்கோப்பில் 1 மில்லிவாட் நீல ஒளி என்றால் ஒன்றுமில்லாதது மாதிரித் தோன்றும். அது அரை மில்லிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் பரப்பில் விழுகிறது என்று வையுங்கள். பரப்பு 0.0025 சதுர சென்டிமீட்டர். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 400 மில்லிவாட். 10 வினாடி ஃபோகஸ் தேடினால் 4 ஜூல் போய்விட்டது, அதுவும் இந்த மருந்து சிவப்பைவிடப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும் நிறத்தில். படமெடுக்கும் முன்பே சிகிச்சை கொடுத்துவிட்டீர்கள், மருந்தையும் வெளிறச் செய்துவிட்டீர்கள். எனவே ஃபோகஸைச் சாதாரண வெளிச்சத்தில், நீண்ட அலைநீள ஒளியை மட்டும் விடும் ஒரு ஃபில்டர் போட்டு மங்கலாக வைத்துப் பிடியுங்கள், நீல ஒளியைப் படத்துக்கு மட்டும் திறந்து உடனே மூடுங்கள், படமெடுத்த வெல்லைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிரகாசம் என்ற எண்ணுக்குத் தனியாக மதிப்பில்லை, மீட்டருக்கு மீட்டர் மாறும். செல்லை உடைத்து மருந்தைக் கரைப்பானில் இறக்கி, அளவு தெரிந்த புரோட்டோபோர்பிரின் கரைசல்களோடு ஒப்பிட்டு, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு என்று எழுதினால் அடுத்த லேபுக்கும் அது பயன்படும்.

கண்டறிதலின் உண்மையான கேள்வி, புற்று செல்லையும் இயல்பான செல்லையும் இந்த ஒளிர்வு பிரிக்கிறதா என்பது. பச்சையில் ஒளிரும் புரதம் ஏற்றிய புற்று செல்களை இயல்பான நார்ச்செல்களோடு கலந்து வளர்த்தால், எது எது என்ற விடை பச்சையில் முன்பே இருக்கும். சிவப்பு ஒளிர்வு எத்தனையைச் சரியாகச் சொன்னது என்று எண்ணிவிடலாம். எந்த அளவுக்கு மேல் புற்று என்ற வரம்பை ஒரு தொகுப்பில் தீர்மானித்து, வேறொரு நாளில் வளர்த்த தொகுப்பில் சோதியுங்கள். இரண்டையும் ஒரே தொகுப்பில் செய்தால் முடிவு எப்போதும் அழகாகத்தான் வரும். தட்டில் வேகமாகப் பெருகும் இயல்பு செல்களும் கொஞ்சம் மருந்தைச் சேர்க்கும் என்பதால், உடம்பில் கிடைக்கும் வேறுபாடு அப்படியே தட்டில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நோயாளியின் திசு

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலும் கையில் வந்த பிறகுதான் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டும். அறுவை அறையில் இருந்து குளிர்ந்த மீடியத்தில் வரும் திசுவை வைப்ரடோம் என்ற அதிரும் கத்திக் கருவியில் 200 முதல் 400 மைக்ரோமீட்டர் கனத்தில் சீவி, நுண்துளைச் சவ்வின் மேல் காற்றும் மீடியமும் சந்திக்கும் இடத்தில் வைத்தால் சில நாள் உயிரோடு இருக்கும். சீவிய அதிர்ச்சி தீர ஒரு நாள் விட்டு, உயிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்தபின் சோதியுங்கள். ஒரே கட்டியின் இரண்டு மூலைகளும் ஒன்று போல இருக்காது. அதனால் அடுத்தடுத்துச் சீவிய துண்டுகளைச் சோடியாக்கி, ஒன்றை இருட்டுக்கும் ஒன்றை ஒளிக்கும் கொடுங்கள். தூரத்துத் துண்டுகளை ஒப்பிடாதீர்கள். திசு ஒரு நோயாளியுடையது என்றால் அதில் 20 துண்டு சீவினாலும் புள்ளியியலில் எண்ணிக்கை ஒன்றுதான். ஒரே பிளேட்டின் வெல்களுக்கும் இதே விதி: எட்டு வெல் ஒரு சோதனை, வேறு பாசேஜில் வேறு நாளில் செய்தது இரண்டாவது சோதனை.

முதல் ஓட்டம்

ஒற்றை அடுக்கில் தொடங்குங்கள். ஏஎல்ஏ இல்லை, 1 மில்லிமோலார் என இரண்டு நிலை. ஒளி 635 நானோமீட்டர், 20 மில்லிவாட். 0, 1, 2.5, 5, 10 ஜூல், அதாவது 0, 50, 125, 250, 500 வினாடி. ஒவ்வொரு அளவு முடிந்ததும் அந்த வரிசையைக் கருப்பு அட்டையால் மூடிக்கொண்டே போகலாம். இருட்டு பிளேட் பக்கத்தில் தாளுக்குள். 24 மணி நேரம் கழித்து எம்டிடி.

10 ஜூலிலும் எதுவும் சாகவில்லை என்றால் முதலில் ஒளியைக் கூட்டாதீர்கள், 635 உச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சில செல் லைன்கள் புரோட்டோபோர்பிரினைச் சேர்ப்பதே இல்லை. இரும்பைப் பிடித்துக்கொள்ளும் டெஃபெராக்சமைனைச் சேர்த்துப் பார்த்தால், இரும்பு கிடைக்காமல் ஹீம் ஆவது குறைந்து உச்சி எழக்கூடும். உச்சி நன்றாக இருந்தும் சாவு இல்லையென்றால் மீட்டரை மறுபடி எடுத்து செல் மட்டத்தில் அளங்கள். இருட்டு பிளேட்டிலும் செத்திருந்தால் வரிசையாக மூன்று சந்தேகம்: பிஎச், சீரம் இல்லாமல் வைத்த நேரம், எங்கோ கசிந்த அறை வெளிச்சம். சாவு வளைவு ஒழுங்காக இறங்கி, வேறு பாசேஜ் செல்களிலும் அதே இடத்தில் பாதிக்கு வந்தால், அந்த மருந்து அளவையும் ஒளி அளவையும் எடுத்துக்கொண்டு உருண்டைக்குப் போங்கள். அங்கே 20 மில்லிவாட் ஒரு குழுவுக்கு, 100 மில்லிவாட் இன்னொரு குழுவுக்கு, மொத்த ஜூல் ஒன்றே.